சைக்கிள் கொடுத்தோம், பம்ப் கொடுத்தோமா?

தமிழ்நாட்டில் அரசுப் பள்ளியில் பதினோராம் வகுப்புக்கு வந்து சேரும் பிள்ளைக்கு ஒரு சைக்கிள் கிடைக்கிறது. 2001-02இல் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவிகளுக்கென்று தொடங்கிய திட்டம் இது. சில ஆண்டுகளிலேயே அரசுப் பள்ளி, அரசு உதவிபெறும் பள்ளி மாணவ மாணவியர் எல்லோருக்குமாக விரிந்தது. புதுக்கோட்டை மாவட்டத்துக் கிராமம் ஒன்றின் மேல்நிலைப் பள்ளியில் நான் இயற்பியல் ஆசிரியை. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்த இருந்த எத்தனையோ பெண் பிள்ளைகளை இந்தச் சைக்கிள் மேல்வகுப்புக்குக் கொண்டுவந்து சேர்த்ததைக் கண்ணால் பார்த்தவள். திட்டத்தின் மேல் எனக்கிருக்கும் மதிப்பே அதில் உள்ள குறையையும் சொல்லச் சொல்கிறது. சைக்கிளைக் கொடுக்கிறோம், அது வழியில் நின்றுபோனால் என்ன செய்வது என்று கற்றுக்கொடுப்பதில்லை. அதற்கு வேண்டிய நாலு சாமான்களைப் பையில் வைத்துக்கொள்ளவும் பழக்குவதில்லை.

என் வகுப்பில் கேட்டுப் பார்த்தேன். சைக்கிளில் வருகிறவர்கள் கை தூக்குங்கள் என்றதும் பாதி வகுப்புக்கு மேல் தூக்கியது. பஞ்சர் ஆனால் தானே ஒட்டத் தெரிந்தவர்கள் யார் என்றதற்கு, பின்வரிசையில் ஒரு பையன் மட்டும் எழுந்தான். அவன் அப்பா முன்பு சைக்கிள் கடை வைத்திருந்தவர். பம்ப் கொண்டுவருகிறவர்கள் யார் என்றபோது வகுப்பே சிரித்தது. “புக்ஸ் பையில யாராவது பம்ப் கொண்டுவருவாங்களா டீச்சர்?” என்று ஒருத்தி கேட்டாள். கொண்டுவர வேண்டும் என்பதுதான் என் கட்சி.

எங்கள் பக்கத்துச் சாலைகளின் இரு புறமும் சீமைக் கருவேலம். விறகுக்கும் கரிமூட்டத்துக்கும் வெட்டிய கிளைகளை ஏற்றிப்போகும் வண்டிகளிலிருந்து உதிரும் முள் தார்ச்சாலையின் ஓரத்தில் கிடக்கும். நடுச்சாலை பஸ்ஸுக்கும் லாரிக்கும் போய்விட்டதால் சைக்கிள் அந்த ஓரத்தில்தான் போயாக வேண்டும். கருவேல முள் குத்தியதும் காற்று உடனே இறங்கிவிடாது. குத்திய முள்ளே துளையை அடைத்துக்கொண்டிருக்கும். காற்று கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். காலையில் நன்றாக ஓடிவந்த சக்கரம், மாலையில் ஸ்பெஷல் கிளாஸ் முடித்துப் பிள்ளை வந்து பார்க்கும்போது தரையோடு தரையாக இருக்கும். மணி ஐந்தேகால் ஆகியிருக்கும். ஊருக்கு ஐந்து கிலோமீட்டர். பஸ் நிறுத்தத்தில் இருந்த சைக்கிள் கடை மூடிக் கிடக்கிறது. எஞ்சியிருக்கும் பஞ்சர் கடை பைக்குக்கும் காருக்குமானது. டியூப்லெஸ் டயரில் திரி சொருகி அனுப்பும் அந்தக் கடையில் சைக்கிள் சக்கரத்துக்கு நேரம் ஒதுக்க ஆளில்லை. பதினாறு வயதுப் பெண் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்து, இருட்டிய பிறகு வீடு சேர்கிறாள்.

மறுநாள் அவள் அம்மா வருகிறார். “இனிமே ஸ்பெஷல் கிளாஸ் வேண்டாம் டீச்சர், நாலு மணிக்கே அனுப்பிடுங்க.” அந்தத் தாயின் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு முள் ஒரு பெண்ணின் படிப்பு நேரத்தைக் குறைத்துவிடுகிறது. சில வீடுகளில் சக்கரம் ஒட்டப்படாமலே சைக்கிள் தாழ்வாரத்தில் சாய்த்து வைக்கப்படும். கடைக்குத் தள்ளிக்கொண்டு போக அப்பாவுக்கு நேரம் கிடைக்கும் வரை காத்திருக்கும். காற்றில்லாத டயர் ரிம்முக்கும் தரைக்கும் நடுவே நசுங்கி ஓரங்களில் வெடித்துவிடும். சில ரூபாயில் முடிந்திருக்க வேண்டிய வேலை புது டயர், புது டியூப் என்று வளர்ந்து, கடைசியில் சைக்கிளையே கைவிட வைக்கும்.

விடுமுறை நாட்களில் நான் நெடுந்தூரம் சைக்கிள் ஓட்டுகிறவள். ‘ப்ரெவே’ என்று சொல்லப்படும் பயணங்களில் கலந்துகொள்கிறேன். பாரிஸில் இருக்கும் ஆடாக்ஸ் கிளப் பாரிசியன் வகுத்த விதிகளின்படி உலகம் முழுவதும் நடப்பவை இவை. 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்தில் முடிக்க வேண்டும்; 300க்கு 20 மணி, 400க்கு 27 மணி, 600க்கு 40 மணி நேரம். முதலில் வந்தவருக்குப் பரிசு என்று எதுவும் கிடையாது. குறித்த நேரத்துக்குள் முடித்தவர் எல்லோரும் ஒன்றே. பின்னால் கார் தொடர்ந்து வந்து தண்ணீர் கொடுப்பது, சக்கரம் மாற்றுவது எல்லாம் கூடாது. வழியிலுள்ள கடையில் எதையும் வாங்கிக்கொள்ளலாம். மற்றபடி உனக்கு வேண்டியதை நீயே சுமந்துகொண்டு போ என்பதுதான் விதி. இந்த ஒரு விதிதான், சைக்கிளில் எதைக் கொண்டுபோக வேண்டும் என்ற கேள்வியை எனக்குள் ஆழமாகப் பதித்தது.

என் சீட்டுக்குக் கீழே தொங்கும் சின்னப் பையில் இருப்பவை: இரண்டு டியூப்கள், ஒட்டுகள் அடங்கிய டப்பா, ஒரு சொல்யூஷன் டியூப், உள்ளங்கை அகல உப்புத்தாள், இரண்டு டயர் லிவர்கள், மடக்கி வைக்கும் ஆலன் கீ கட்டு, செயின் அறுந்தால் இணைக்க ஒரு கண்ணி, கொஞ்சம் பிளாஸ்டிக் கட்டுப்பட்டைகள். இவற்றோடு பழைய டயரிலிருந்து வெட்டியெடுத்த இரண்டு விரல் அகலத் துண்டு ஒன்றும் உண்டு. கண்ணாடிச் சில்லு டயரையே கிழித்துவிட்டால், உள்ளே இதை வைத்தால்தான் புது டியூப் அந்தக் கிழிசல் வழியே பிதுங்காது. துண்டு இல்லாதபோது பத்து ரூபாய் நோட்டை நாலாக மடித்து வைத்து ஊர் வந்து சேர்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கைப்பம்ப் சட்டத்தோடு பட்டை போட்டுக் கட்டியிருக்கும். முன்னே வெள்ளை விளக்கு, பின்னே சிவப்பு விளக்கு, இரவில் மேலே போட்டுக்கொள்ள ஒளிரும் பட்டை வைத்த மேலங்கி. இவை ப்ரெவேயில் கட்டாயம். சட்டைப் பையில் கோவில்பட்டி கடலை மிட்டாய், இரண்டு ஓ.ஆர்.எஸ். பாக்கெட், பெயரும் ரத்த வகையும் வீட்டு எண்ணும் எழுதிய அட்டை, கொஞ்சம் ரொக்கம். இப்போது டீக்கடையிலும் க்யூஆர் அட்டை தொங்குகிறது. ஆனால் போனில் சார்ஜ் தீரும் இடத்தில்தான் டீக்கடை வரும். நாப்கினும் அந்தப் பையில் இருக்கும். பெண்களோடு பேசும்போது இதை நான் முதலிலேயே சொல்லிவிடுவேன்.

ஓ.ஆர்.எஸ். பற்றி ஒரு வார்த்தை. நம் ஊர் வெயிலில் வியர்வையோடு உப்பும் போகிறது. வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் தாகம் அடங்கினாலும் உடம்பு தள்ளாடும். பாக்கெட் இல்லையென்றால் காய்ச்சி ஆறவைத்த ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய ஆறு சிறு கரண்டி சர்க்கரையும் அரைக் கரண்டி உப்பும் போதும். பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு இவ்வளவும் தேவையில்லை. ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு புட்டித் தண்ணீரும், பம்பும், இரண்டு லிவரும், ஒட்டு டப்பாவும் போதும். மாலையில் தாமதமாகத் திரும்புகிறவர்களுக்கு ஒரு விளக்கு. எல்லாம் சேர்த்தாலும் இயற்பியல் பாடப்புத்தகத்தின் கனம்கூட வராது.

சைக்கிள் சாதாரண மனிதரின் வண்டியானதற்குக் காரணமே, அதைச் சாதாரண மனிதரால் சரிசெய்ய முடிந்ததுதான். பெல்ஃபாஸ்ட் நகரத்தில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப் 1888இல் தன் மகனின் மூன்று சக்கர வண்டிக்காகக் காற்றடைத்த டயரைச் செய்தார். ஓட்டம் மென்மையானது, கூடவே பஞ்சர் என்ற தொல்லையும் பிறந்தது. அன்றைய டயர் ரிம்மோடு ஒட்டப்பட்டது. அதைப் பிரித்து, ஒட்டி, மறுபடி காயவிட மணிக்கணக்காகும். 1891இல் மிஷலின் சகோதரர்கள் கழற்றி மாட்டக்கூடிய டயரைக் கொண்டுவந்தார்கள். அதே ஆண்டு பாரிஸிலிருந்து ப்ரெஸ்ட் துறைமுகம் வரை சென்று திரும்பும் 1,200 கிலோமீட்டர் பந்தயம் முதன்முறையாக நடந்தது. அந்தப் புது டயரோடு ஓட்டிய ஷார்ல் டெரோன் 71 மணி 22 நிமிடத்தில் வென்றார். நடுவழியில் கழற்றி ஒட்டிக்கொள்ள முடியும் என்ற நிலை வந்த பிறகு, எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் துணிந்து கிளம்பலாம் என்றாயிற்று. பாரிஸ்-ப்ரெஸ்ட்-பாரிஸ் இன்றும் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கிறது. நான் ஓட்டும் ப்ரெவேக்கள் அதில் கலந்துகொள்வதற்கான படிக்கட்டுகள்.

1913 டூர் தெ ஃப்ரான்ஸ் பந்தயத்தில் நடந்ததை வகுப்பில் அடிக்கடி சொல்வேன். பிரனீஸ் மலையில் தூர்மலே கணவாயிலிருந்து இறங்கும்போது யூஜீன் கிறிஸ்தோஃபின் சைக்கிளில் முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் முறிந்தது. பிறர் உதவி வாங்கக்கூடாது என்பது அன்றைய விதி. சைக்கிளைச் சுமந்தபடி மலையடிவாரக் கிராமம் வரை நடந்தார். அங்கே ஒரு கொல்லர் பட்டறையில் தன் கையாலேயே இரும்பைக் காய்ச்சி அடித்து ஒட்டவைத்தார். நடுவர்கள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். துருத்தி ஊத ஒரு சிறுவனை வைத்துக்கொண்டதற்காக அவருக்கு நேர அபராதமும் விதித்தார்கள். அவ்வளவு கடுமை யாருக்கும் வேண்டாம் என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் அந்த மனிதருக்கு உலையில் வேலைசெய்யத் தெரிந்திருந்தது. அதனால்தான் மறுபடி ஏறி ஓட்டினார். பிள்ளைகள் ஒவ்வொரு முறையும் அந்த அபராதத்துக்காகக் கோபப்படுகிறார்கள். கொல்லுப் பட்டறை வரை போகவேண்டாம், ஒட்டு வைக்கத் தெரிந்தால் போதும் என்று நான் பாடத்தை முடிப்பேன்.

அவ்வளவு தூரம் போவானேன்? புதுக்கோட்டைக்காரியான எனக்கு என் அம்மாவே இருக்கிறார். 1991இல் ஷீலா ராணி சுங்கத் மாவட்ட ஆட்சியராக இருந்தபோது அறிவொளி இயக்கம் எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. விவசாயக் கூலியும் கல்குவாரித் தொழிலாளியும் செவிலியரும் ஆசிரியையும் ஒன்றாகப் பழகினார்கள். பி. சாய்நாத் இதைப் பற்றி எழுதியதால் நாடே அறிந்தது. லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது பார் வைத்த ஆண்கள் சைக்கிளிலேயே பழகியவர்களில் என் அம்மாவும் ஒருவர். முன்பாரில் துண்டைச் சுற்றி அதன்மேல் என்னை உட்கார வைப்பார். கேரியரில் தண்ணீர்க் குடம் கட்டியிருக்கும். சந்தை நாளில் குடத்துக்குப் பதில் கத்தரிக்காய்ச் சாக்கு இருக்கும். ஒரு சைக்கிளால் எவ்வளவு தாங்க முடியும் என்று அம்மாவின் சைக்கிளைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

அம்மா ஓட்டினார், ஆனால் பஞ்சர் ஒட்ட அவருக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. அன்று அது தேவைப்படவுமில்லை. ஊருக்கு ஒரு சைக்கிள் கடை இருந்தது, மணிக்கணக்கில் வாடகை சைக்கிள் விட்டார்கள், கடை வாசலில் நிற்கும் பம்பில் யாரும் காற்று அடித்துக்கொள்ளலாம். கடற்கரையிலிருந்து மீன் கூடையோடு உள்ளூர்களுக்கு வந்தவர்களும் பாத்திர வியாபாரிகளும் பால்காரர்களும் பம்பைக் கேரியரில் கட்டியே வந்தார்கள். சாப்பாட்டு வேளைக்குள் சரக்கு விற்றாக வேண்டியவர்கள் கடையைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. அவர்கள் எல்லோரும் டி.வி.எஸ். எக்ஸ்.எல். வண்டிக்கு மாறினார்கள். வாடகைச் சைக்கிள் மறைந்தது. கடைகள் ஒவ்வொன்றாக மூடின. இதெல்லாம் நடந்து முடிந்த பிறகும், ஊரில் பெருங்கூட்டமாகச் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் பள்ளிப் பிள்ளைகள்தான். அவர்களைத் தாங்கிய கடைகள் போய்விட்டன. அந்தக் கடையின் கைவேலையையாவது பிள்ளையின் கைக்கு மாற்ற வேண்டாமா?

அந்தக் கைவேலை கடினமானதல்ல. பலர் நினைப்பதுபோல் சக்கரத்தைக் கழற்றக்கூட வேண்டியதில்லை. கடைக்காரர்கள் கழற்றாமல்தான் ஒட்டினார்கள். சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி, மவுத்தைத் திருகி வால்டியூபை எடுத்து மிச்சக் காற்றை இறக்க வேண்டும். வால்டியூப் வெடித்திருந்தாலும் காற்று நிற்காது. பஞ்சர் என்று நினைத்த பாதி நேரம், அந்தச் சின்ன ரப்பர்க் குழாயை மாற்றினாலே சரியாகிவிடும். பிறகு இரண்டு லிவரையும் ஒரு சாண் இடைவெளியில் நுழைத்து டயரின் ஒரு பக்கத்தை ரிம்முக்கு வெளியே நெம்பி, டியூபை உருவி, வால்டியூபைத் திரும்ப மாட்டிக் கொஞ்சம் காற்று அடித்துத் தண்ணீரில் அமிழ்த்தினால் துளையிலிருந்து குமிழி வரும். தண்ணீர் இல்லாத இடத்தில் உதட்டருகே பிடித்துச் சுற்றினால் காற்று படும் இடம் தெரியும். அந்த இடத்தைத் துடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷனை மெல்லிசாகத் தடவ வேண்டும்.

அவசரப்படக் கூடாத இடம் இதுதான். சொல்யூஷன் என்பது ஆவியாகும் திரவத்தில் கரைந்த ரப்பர். திரவம் பறந்து, பளபளப்பு போய், தொட்டால் விரலில் ஒட்டாத பதம் வரும்வரை காத்திருக்க வேண்டும். ஈரத்திலேயே ஒட்டை வைத்தால் அடுத்த நாளே பிரிந்துவிடும். காத்திருக்கும் நேரத்தில் டயரின் உட்புறத்தை விரலால் மெதுவாகத் தடவி முள்ளைத் தேடி எடுக்க வேண்டும். முள்ளை எடுக்காமல் மாட்டினால் பத்தடி தூரத்தில் மறுபடி பஞ்சர். பிறகு ஒட்டை வைத்து நன்றாக அழுத்தி, டியூபை உள்ளே வைத்து, லிவரை ஒதுக்கிவிட்டுக் கட்டைவிரலாலேயே டயரை ரிம்முக்குள் தள்ளி, காற்று அடிக்கலாம். பழகிய கைக்கு இருபது நிமிடம்.

இது பாடத்திட்டத்துக்கு வெளியே உள்ள வேலை என்று எவரும் சொல்ல முடியாது. ஒரு சதுர அங்குலத்துக்கு 45 பவுண்டு அளவுக்குக் காற்று ஏறிய டயரில், வளிமண்டல அழுத்தத்தைப்போல் மூன்று மடங்கு அழுத்தம் கூடுதலாக இருக்கிறது. காற்று அடிக்கும்போது பம்பின் அடிப்பக்கம் சுடுவதைத் தொட்டுப் பார்த்த பிள்ளைக்கு, வாயுவை அமுக்கினால் வெப்பநிலை உயரும் என்பதை நான் இரண்டாம் முறை சொல்லத் தேவையில்லை. லிவர் ஒரு நெம்புகோல். உப்புத்தாள், உராய்வு. சொல்யூஷன், ஆவியாதல். ஒரே பாடவேளையில் இத்தனையும் கையில் கிடைக்கும் செய்முறை வகுப்பு எங்கள் ஆய்வகத்தில் வேறில்லை.

இரண்டு மறுப்புகளை நான் கேட்டிருக்கிறேன். ஒன்று, பெண் பிள்ளை இருட்டும் நேரத்தில் சாலையோரம் உட்கார்ந்து பஞ்சர் ஒட்டிக்கொண்டிருப்பதா என்பது. வேண்டாம். மாலையில் பள்ளி வளாகத்திலேயே, தோழிகளோடு, வெளிச்சத்தில் ஒட்டிக்கொண்டு கிளம்பட்டும் என்பதற்காகத்தான் சொல்கிறேன். நடுவழியில் காற்று இறங்கத் தொடங்கினால், கையிலிருக்கும் பம்பால் அடித்துக்கொண்டு அடுத்த ஊர் வரையாவது ஏறிப்போகலாம். கருவேல முள்ளின் கசிவுக்கு அதுவே பெரும்பாலும் போதும். ஓட்டிக்கொண்டு போகும் பெண், தள்ளிக்கொண்டு நடக்கும் பெண்ணைவிடப் பாதுகாப்பாக வீடு சேருவாள். இன்னொன்று, போன் இருக்கிறதே, அப்பாவை அழைத்தால் வருவாரே என்பது. எங்கள் பள்ளிக்கு வரும் பிள்ளைகளின் அப்பாக்களில் பலர் திருப்பூரிலும் வளைகுடாவிலும் இருக்கிறார்கள். அம்மாக்கள் நூறு நாள் வேலையிலோ வயலிலோ இருக்கிறார்கள். அழைத்தால் வர யாரும் இருக்கும் வீடாக இருந்தால், அந்தப் பிள்ளைக்குச் சைக்கிளே தேவைப்பட்டிருக்காது.

ஆகவே நான் கேட்பது இவை. சைக்கிள் வழங்கும் ஒவ்வொரு பள்ளியிலும் சைக்கிள் நிறுத்துமிடத்தில் ஒரு தரைப்பம்பும், லிவர், ஒட்டு, சொல்யூஷன், வால்டியூப், ஸ்பேனர் அடங்கிய ஒரு பெட்டியும் நிரந்தரமாக இருக்க வேண்டும். பூட்டிய அறையில் இருந்தால் பயனில்லை. சாவி மாணவர்களிடம் இருக்க வேண்டும். சைக்கிள் கொடுக்கும் வாரத்திலேயே இரண்டு பாடவேளை பயிற்சி நடக்க வேண்டும். அதை நடத்த, கடையை மூடிவிட்டு வீட்டில் இருக்கும் பழைய சைக்கிள் மெக்கானிக்குகளை அழைத்து உரிய கூலி கொடுங்கள். அவர்களைவிடச் சிறந்த ஆசிரியர் இந்த வேலைக்கு இல்லை, அவர்களின் கைத்திறமை வீணாகவும் கூடாது. மாணவர் ஒவ்வொருவரும் தானே ஒருமுறை ஒட்டிக்காட்டிய பிறகு, கைப்பம்பும் ஒட்டு டப்பாவும் சைக்கிளோடு சேர்த்து வழங்கப்பட வேண்டும். சைக்கிளின் விலையோடு ஒப்பிட்டால் இதற்காகும் செலவு மிகச் சிறியது. ஆனால் அந்தச் சைக்கிளை இரண்டு ஆண்டுகளும் ஓடவைப்பது அதுதான்.

அரசாணை வரும்வரை காத்திருக்க வேண்டியதும் இல்லை. பெற்றோர் ஆசிரியர் கழகமோ பள்ளி மேலாண்மைக் குழுவோ முன்னாள் மாணவர்களோ நினைத்தால் பள்ளிக்கு ஒரு பம்ப் வாங்கிவிடலாம். எங்கள் பள்ளியில் அப்படித்தான் ஒன்று வந்தது. பின்வரிசைப் பையன் முதல் வகுப்பை நடத்தினான். “யாராவது பம்ப் கொண்டுவருவாங்களா” என்று கேட்டவள், இப்போது ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒட்டக் கற்றுக்கொடுக்கிறாள். பெற்றோரிடம் நான் கேட்பது இன்னும் எளிது. பள்ளி திறக்கும் முன் நோட்டும் பேனாவும் வாங்கும்போது ஒரு பம்பும் இரண்டு லிவரும் ஒட்டு டப்பாவும் ஒரு விளக்கும் சேர்த்து வாங்குங்கள். மகனுக்கும் வாங்குங்கள், மகளுக்கும் வாங்குங்கள். பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறதென்றால் மகளுக்கு முதலில் வாங்குங்கள்.